புகார் சொன்னவள் பட்டம் பெற வேண்டும்

ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண் சர்வகலாசாலைக்குப் புறப்படுகிறாள் என்றால், அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் நெடுநாளைய ஆலோசனையும், தாயின் கழுத்தைவிட்டு இறங்கி அடகுக் கடைக்குப் போன நகையும், "பொட்டைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவானேன்?" என்று கேட்ட பெரியப்பாவுக்குத் தகப்பனார் சொன்ன உறுதியான பதிலும் நிற்கின்றன. அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தமிழக அரசு தொடங்கியதன் நோக்கமும், அந்தப் பெண்ணின் படிப்பு இடையில் நின்றுவிடக் கூடாது என்பதுதான். இவ்வாறு வீடும் அரசும் பாடுபட்டுக் காத்துவரும் ஒரு படிப்பை, மதிப்பெண் போடும் அதிகாரம் படைத்த ஒருவனோ, ஆய்வேட்டில் கையொப்பமிடும் ஒருவனோ, உடன் படிக்கும் ஒருவனோ தன் கீழ்மையினால் ஒரே நாளில் குலைத்துவிட முடிகிறது என்பது நம் கல்வி நிலையங்களின் மிகப் பெரிய துக்கம்.

அத்தகைய துன்பத்துக்கு ஆளான மாணவி ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்பவர்கள், அவளுக்குத் துணிவு போதாது என்றோ சட்டம் தெரியாது என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அவள் அஞ்சுவது வேறொன்றுக்கு. கல்லூரியில் சொன்னால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். ஆய்வு மாணவியாக இருந்தால் 'கைடு' கையெழுத்துப் போட மாட்டார். விடுதியில் சொன்னால் வார்டன் வீட்டுக்குத் தொலைபேசி செய்வார். வீட்டுக்குத் தெரிந்தாலோ, "படிச்சது போதும், புறப்பட்டு வா" என்ற ஒரு வாக்கியத்தோடு எல்லாம் முடிந்து, அடுத்த முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தவறு செய்தவன் தன் நாற்காலியில் அமர்ந்திருக்க, தவறுக்கு ஆளானவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவதே புகாரின் முடிவாக இருக்குமானால், மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. எனவே, பாலியல் துன்புறுத்தலைப் பற்றிய சட்டங்களையும் குழுக்களையும் ஆராயும்போது நாம் கையில் பிடித்திருக்க வேண்டிய உரைகல் ஒன்றே: புகார் சொன்ன மாணவி, தன் படிப்பைத் தான் விரும்பியபடி, தான் சேர்ந்த இடத்திலேயே முடித்துப் பட்டம் பெற்றாளா?

சட்டம் நடந்துவந்த பாதை

இன்று ஒரு மாணவியின் கையில் இருக்கும் உரிமைகள் எவருடைய தயவினாலும் கிடைத்தவையல்ல. ராஜஸ்தானத்தில் பட்டேரி என்னும் கிராமத்தில், அரசின் பெண்கள் முன்னேற்றத் திட்டத்தில் ஊழியம் செய்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற குற்றத்துக்காக 1992-ஆம் ஆண்டில் கூட்டு வன்முறைக்கு ஆளானார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பாலியல் வன்முறைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த அநியாயத்தைக் கண்டு கொதித்த பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை அணுகியதன் பயனாகவே, 1997 ஆகஸ்ட் 13 அன்று 'விசாகா' தீர்ப்பு என வழங்கும் வழிகாட்டு நெறிகள் பிறந்தன. தமக்குக் கிடைக்காத நீதியைத் தம்முடைய துன்பத்தின் வாயிலாக நாட்டின் பெண்கள் அனைவருக்கும் ஈட்டித் தந்தவர் பன்வாரி தேவி.

அதற்கு அடுத்த ஆண்டு, 1998-இல், சென்னையில் ஒரு கல்லூரி மாணவி தெருவில் இளைஞர்கள் செய்த சீண்டலினால் உயிரிழந்தபோது, தமிழகம் கலங்கி எழுந்து தனக்கென ஒரு சட்டத்தை இயற்றிக்கொண்டது. பெண்கள் துன்புறுத்தலைத் தடை செய்யும் அந்தச் சட்டம், கல்வி நிலையத்தின் பொறுப்பில் இருப்பவரும் துன்புறுத்தலைத் தடுக்க நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர் என்று அப்போதே விதித்தது. 1999-இல் டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், மாணவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கொண்ட ஒரு குழுவை நிறுவி, அது 2017-இல் கலைக்கப்படும் வரையில், மற்ற சர்வகலாசாலைகளுக்கு ஒரு முன்மாதிரியாக நடத்திவந்தது. பணியிடங்களில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் மத்திய சட்டம் 2013-இல் வந்தது. அதன் அடியொற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஒழுங்குமுறை விதிகள் 2016 மே 2 அன்று அரசிதழில் வெளியாயின. மாணவியைப் பொறுத்தவரை இவற்றுள் தலையாயது இந்த மானியக் குழு விதிகளே. ஆனால் நம் கல்லூரிகளில் அதிகமாகப் படிக்கப்படாத ஆவணமும் அதுவே.

குழு என்பது யார்?

ஒவ்வொரு உயர்கல்வி நிலையத்திலும் உள்ளகப் புகார்க் குழு, மாணவர் பேச்சில் 'ஐ.சி.சி.', இருந்தே ஆக வேண்டும் என்று அவ்விதிகள் கட்டளையிடுகின்றன. அதன் தலைமையில் இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகமானால் பேராசிரியர் நிலைக்கும், கல்லூரியானால் இணைப் பேராசிரியர் நிலைக்கும் குறையாதவராக இருக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் இளநிலை, முதுநிலை, ஆய்வு ஆகிய மூன்று நிலைகளிலிருந்தும் முறைப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் என அதன் அங்கத்தினர் அமைய வேண்டும். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற உயர் பதவியினர் எவரும் அதில் இடம்பெறக் கூடாது என்ற தடை, இவ்விதிகளை எழுதியவர்களின் தீர்க்கமான அனுபவ ஞானத்தைக் காட்டுகிறது. ஏனெனில் ஸ்தாபனத்தின் பெயரைக் காப்பதைத் தம் முதற்கடமையாகக் கருதும் பதவிகளில் அமர்ந்திருப்போரிடம், அந்தப் பெயருக்குப் பழுது வரக்கூடிய ஓர் உண்மையை விசாரிக்கும் பொறுப்பை ஒப்படைப்பது இரு தரப்புக்கும் நியாயமாகாது.

இக்குழுவின் பொறுப்பு தண்டனைக்குப் பரிந்துரைப்பதோடு முடிவதாக நினைப்பது தவறு. புகார் நிலுவையில் இருக்கும்போதே மாணவிக்கு விடுப்பு அளிக்கவும், வருகைப்பதிவு விதியைத் தளர்த்தவும், அவளை வேறு துறைக்கோ வேறு ஆய்வு வழிகாட்டியிடமோ மாற்றவும், எதிர்த்தரப்பினரையே இடம் மாற்றவும், அவர் அவளுடைய தேர்வுத்தாளைத் திருத்தவோ செயல்திறனை மதிப்பிடவோ கூடாது என்று தடுக்கவும் விதிகளில் இடம் உண்டு. சாட்சி சொன்னவர்களைப் பழிவாங்காமல் காப்பதும், மாணவி காவல் துறையிடம் செல்ல விரும்பினால் அதற்குத் துணை நிற்பதும் குழுவின் கடமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. இவை அனைத்தும் மாணவி கேட்டுப் பெறக்கூடியவை. புகார் மனுவிலேயே, "என் வைவா நெருங்குகிறது, வழிகாட்டியை மாற்றித் தாருங்கள்" என்றோ, "என் செய்முறைத் தேர்வை வேறொருவர் மதிப்பிட வேண்டும்" என்றோ அவள் எழுதிவிடலாம். படிப்பு நின்றுவிடுமோ என்ற அச்சத்துக்கு விதிகளிலேயே மருந்து இருக்கிறது. இருப்பதை அவளுக்கு எடுத்துச் சொல்வார்தாம் அருகிவிட்டனர்.

ஆண் மாணவர்களும் திருநங்கையரும் திருநம்பியரும் இத்தகைய துன்பத்துக்கு ஆளாகக் கூடும் என்பதை ஏற்று, எல்லாப் பாலினத்தாருக்கும் எதிரான வன்முறையின்மீதும் உறுதியான நடவடிக்கை வேண்டும் என்று மானியக் குழு விதிகள் கூறுவதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

காலமும் முறையும்

சம்பவம் நிகழ்ந்த நாளிலிருந்து, தொடர்ந்து நிகழ்ந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து, 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 3 மாதங்கள் வரை குழு நீட்டிக்கலாம். எழுத இயலாதவளுக்கு எழுத உதவுவது குழுவின் வேலை. உடலாலோ மனத்தாலோ அவள் நிலைகுலைந்திருந்தால், உறவினரோ நண்பரோ உடன் பயில்பவரோ அவள் சார்பில் புகார் தரலாம். புகாரின் பிரதி 7 நாள்களுக்குள் எதிர்த்தரப்புக்குச் செல்லும். அவர் 10 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். அறிக்கை கிடைத்த 30 நாள்களுக்குள், மேல்முறையீடு இல்லாவிட்டால், நிர்வாகம் பரிந்துரைகளை நிறைவேற்ற வேண்டும். சமரசம் என்பது மாணவி தானே விரும்பிக் கேட்டாலொழிய நடக்கக் கூடாது. பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசம் என்று விதிகள் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே, "பெரிதுபடுத்தாதே அம்மா, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு மாணவியிடம் யார் முதலில் சொல்கிறாரோ, அவர் எவ்வளவு மூத்தவரானாலும் எவ்வளவு நல்லெண்ணம் உடையவரானாலும், விதியை மீறியவரே ஆவார்.

காலக்கெடு வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதைக் கல்கத்தாவின் சட்டப் பல்கலைக்கழகத்தில் எழுந்த ஒரு வழக்கு காட்டியது. துணைவேந்தர்மீது ஆசிரியை ஒருவர் தந்த புகார் கெடு கடந்து வந்தது என்ற காரணத்தால் ஏற்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எனினும் அந்தத் தீர்ப்பு அத்துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று ஆணையிட்டது. மனம் ஆறுவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று எவரும் வரையறுக்க முடியாது. ஆறு மாத வரம்பு மனித மனத்தின் இயல்போடு பொருந்துவதில்லை என்பதும், நெடுங்காலம் ஒரே வழிகாட்டியின் கீழ் அடங்கியிருக்கும் ஆய்வு மாணவிக்கு அது மிகக் குறுகியது என்பதும், சட்டமியற்றுவோர் சிந்திக்க வேண்டியவை. அவர்கள் சிந்திக்கும் வரையில், கெடுவுக்குள் ஒரு கடிதமாவது குழுவிடம் சேர்வது அவசியம்.

அவசர விசாரணையும் மாணவிக்கு நன்மை செய்யாது என்பதற்குக் கோவா பல்கலைக்கழக வழக்கு சான்று. 2009-இல் துறைத் தலைவர் ஒருவர்மீது மாணவியர் தந்த புகார்களை விசாரித்த குழு, அவர் தம் தரப்பைச் சொல்லப் போதிய அவகாசம் தராமல் விரைந்து முடித்துவிட்டது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குறைபாட்டின் காரணமாகவே பணிநீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை மீண்டும் குழுவுக்கே அனுப்பிவைத்தது. புகார் சொன்ன மாணவியர் பட்டம் பெற்று, பணி பெற்று, ஒருவேளை தாய்மாராகவும் ஆகியிருக்கக் கூடிய 14 ஆண்டுகள் கழித்து, வழக்கு தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. எதிர்த்தரப்புக்கு உரிய வாய்ப்பைத் தருவது அவருக்குச் செய்யும் சலுகை என்று குழுவினர் எண்ணக் கூடாது. புகார் சொன்னவளின் வெற்றி நிலைத்து நிற்பதற்கு அதுவே அஸ்திவாரம்.

மாணவி செய்யத்தக்க காரியங்கள் சில உண்டு. நடந்ததை, தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள், அருகில் இருந்தவர்கள் என, நினைவு மங்குமுன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் வந்த செய்திகளை அருவருப்பினால் அழித்துவிடாமல் வைத்திருந்து, ஒரு பிரதியை நம்பிக்கைக்குரியவரிடமும் தர வேண்டும். மனுவைக் கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நிரூபிக்க இயலாமையை மட்டும் கொண்டு புகார் சொன்னவள்மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

காவல் நிலையமும் நீதிமன்றமும்

குழுவிடம் போவதும் காவல் துறையிடம் போவதும் ஒன்றுக்கொன்று தடையல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தலுக்கு 75-ஆம் பிரிவும், மறைந்து பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் 77-ஆம் பிரிவும், பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு 78-ஆம் பிரிவும் உள்ளன. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். இக்குற்றங்களில் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அலுவலரே பதிய வேண்டும். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்கள் யாவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மகளிர் உதவிக்கு 181, சட்ட உதவிக்கு 15100, இணையக் குற்றங்களுக்கு 1930, மனத்துயரில் பேசுவதற்கு 14416 ஆகிய எண்கள் இருக்கின்றன.

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைத் தமிழகம் மறந்திருக்காது. அவள் துணிந்து புகார் தந்தாள். ஆனால் அந்தரங்கமாக இருக்க வேண்டிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, அவளுடைய விவரங்கள் ஊரறியப் பரவின. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, அந்தக் கசிவுக்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. அவளிடம் எந்தக் கட்டணமும் வாங்காமல் அவள் படிப்பை முடிக்க வழி செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்தையும் பணித்தது. 2025 மே 28 அன்று மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவன் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, ஜூன் 2 அன்று 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனையின் கடுமையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நாம் அதைவிட மேலாகப் போற்ற வேண்டியது, படிப்பு தொடர வேண்டும் என்று நீதிபதிகள் எழுதிய அந்த வரியை. ஏனெனில் குற்றவாளி சிறையில் இருப்பது சமூகத்துக்குப் பாதுகாப்பு, மாணவி வகுப்பில் இருப்பதே மாணவிக்கு நீதி.

முதலில் கேட்பவர்

சட்டத்தின் வாசலுக்கு வருமுன் ஒவ்வொரு மாணவியும் தன் துயரத்தை யாரேனும் ஒருவரிடம் சொல்லிப் பார்க்கிறாள்: அறைத் தோழியிடம், அக்காளிடம், தனக்குப் பிடித்த ஓர் ஆசிரியையிடம். அந்த முதல் செவி என்ன பதில் சொல்கிறது என்பதே மற்ற எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. "அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?" என்று கேட்டுவிட்டால், அவள் இரண்டாம் முறை எவரிடமும் சொல்ல மாட்டாள். "நான் இருக்கிறேன்; உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது?" என்று கேட்டால், அவள் இழந்த தன்னாட்சியின் ஒரு பகுதி அப்போதே அவளிடம் மீள்கிறது. அவளுக்காக முடிவெடுப்பதும், அவளைக் கேளாமல் பிறரிடம் சொல்வதும், உடனே புகார் கொடு என்று நெருக்குவதும் ஆதரவு ஆகமாட்டா. உடன் குழுவின் அறை வரை நடந்து போவது, விசாரணை நாளில் வெளியே காத்திருப்பது, விட்டுப்போன வகுப்பின் குறிப்புகளை எழுதிக் கொடுப்பது போன்ற சிறு காரியங்களே மிகப் பெரிய ஆதரவு.

தனித்தனியே அஞ்சியவர்கள் ஒன்றுகூடும்போது என்ன நிகழும் என்பதை 2023 மார்ச் இறுதியில் சென்னை கலாக்ஷேத்ராவின் நாட்டியக் கல்லூரி மாணவியர் காட்டினார்கள். குரு பக்தியைக் கலையின் ஜீவனாகப் போற்றும் ஓர் இடத்தில், குருவின் நடத்தையைக் கேள்வி கேட்பது எத்தனை கடினம் என்பதை நாம் அறிவோம். அவர்கள் வளாகத்தில் அமர்ந்து போராடினார்கள். மாநில மகளிர் ஆணையம் நேரில் வந்து கேட்டது. ஓர் ஆசிரியர் கைது செய்யப்பட்டார்.

ஆனால் எல்லா இடங்களிலும் குரல் உரிய காலத்தில் கேட்கப்படுவதில்லை. 2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில் 20 வயது மாணவி ஒருத்தி, தன் துறைத் தலைவர்மீது எழுத்தில் புகார் தந்து, கல்லூரி முதல்வர் வரை முறையிட்டும் நீதி வரும் என்ற நம்பிக்கையை இழந்து, தன்னைத்தானே மாய்த்துக்கொண்டாள். அதற்குப் பின்பே துறைத் தலைவரும் முதல்வரும் கைதானார்கள். அந்தப் பெண் மௌனமாக இருக்கவில்லை. சொல்ல வேண்டியவர்களிடமெல்லாம் சொன்னாள். குழுவும் இருந்தது, விதியும் இருந்தது. அவள் சொன்னதைத் தம் சொந்த மகள் சொன்னதுபோல் அவசரமாக ஏற்றுக்கொள்ளும் மனிதர் இல்லை.

நமது கடமை

"எங்கள் கல்லூரியில் ஒரு புகார்கூட வந்ததில்லை" என்று பெருமையோடு சொல்லும் நிர்வாகிகள், அந்தப் பூஜ்யத்தைக் கண்டு கவலைகொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பயிலும் ஓர் இடத்தில் புகாரே இல்லை என்றால், நம்பிக்கை இல்லை என்றே பெரும்பாலும் பொருள். பாதுகாப்பு என்ற பெயரில் மாணவியரை மட்டும் மாலை ஆறு மணிக்கே விடுதியில் பூட்டிவைப்பதும் தீர்வாகாது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியருக்கு மட்டும் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று மானியக் குழு விதிகளே சொல்கின்றன. குழு அங்கத்தினரின் பெயர்கள் விடுதிச் சுவரில் தமிழில் எழுதப்பட வேண்டும்; மாணவர் பிரதிநிதிகள் உண்மையான தேர்தலில் வர வேண்டும்; பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவர் வளாகத்தில் இருக்க வேண்டும்; முதலாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே இந்த விதிகளை ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து கேட்க வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. உங்கள் மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நாளில், பணமும் பலகாரமும் கொடுத்துவிடும்போது, இந்த ஒரு வாக்குறுதியையும் கொடுத்தனுப்புங்கள்: "அங்கே எது நடந்தாலும் எங்களிடம் சொல், அதற்காக உன் படிப்பை நிறுத்த மாட்டோம்." இதைச் சொல்லக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்குச் சட்டம் பிறகு தானே கைகொடுக்கும், கேளாத பெண்ணுக்கு எந்தச் சட்டமும் எட்டாது. கல்வி நிலையங்களை நடத்துவோருக்கும் இதுவே நமது விண்ணப்பம்: ஆண்டறிக்கையில் இத்தனை புகார் வந்தது, இத்தனை பேருக்குத் தண்டனை தந்தோம் என்று எழுதும்போது, புகார் சொன்னவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதையும், பெயர் சொல்லாமல், சேர்த்து எழுதுங்கள். அந்த எண்ணிக்கையே உங்கள் ஸ்தாபனத்தின் உண்மையான மதிப்பெண்.